எலி சொன்ன சாட்சி

1947 ஏப்ரல் 28-ஆம் தேதி பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து ஆறு ஆண்களும் ஒரு கிளியும் புறப்பட்டார்கள். 101 நாள் கழித்து, பசிபிக் நடுவே ரரோயியா என்ற பவளத் தீவின் திட்டில் மோதி நின்றபோது ஆறு ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். கிளியை வழியிலேயே ஓர் அலை கொண்டுபோய்விட்டது. பாலினேசியாவில் ஆதி மனிதன் குடியேறிய கதையைத் துப்புத் துலக்கக் கிளம்பிய முதல் கிளி அதுதான். கடைசிக் கிளி அல்ல.

ஆறு பேருக்கும் தலைவர் தோர் ஹெயர்டால், நார்வேக்காரர். சிறுவயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்ததால் வாலிபம் வந்த பிறகும் நீச்சல் தெரியாமல் இருந்தவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நியாயமானதுதான். வடக்கே ஹவாய், தெற்கே நியூசிலாந்து, கிழக்கே ஈஸ்டர் தீவு. இந்த மூன்று முனைகளுக்கு நடுவே கிடப்பது பெரும்பாலும் தண்ணீர். ஐரோப்பியர் போய்ப் பார்த்தபோது வாழத் தோதான தீவெல்லாம் ஏற்கெனவே ஆள் பார்த்த தீவு. பேச்சு ஒரே குடும்பம், சாமிகள் ஒரே குடும்பம். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள்?

ஹெயர்டால் காற்றைப் பார்த்தார். அங்கே வருஷத்தில் பெரும்பகுதி கொண்டல் வீசுகிறது, கிழக்கிலிருந்து. நீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்கே. ஆகவே மனிதனும் கிழக்கிலிருந்து, தென் அமெரிக்காவிலிருந்து, மிதந்து வந்திருக்க வேண்டும். வந்தவர்களுக்குத் தலைமை தாங்கியது வெள்ளைத் தோலும் தாடியும் கொண்ட ஒரு கூட்டமாம். அதை நிரூபிக்க வெள்ளைத் தோல்காரர்கள் ஆறு பேர் தாடி வளர்த்துக்கொண்டு மிதந்து போனார்கள்.

பழனி மலைப் படியில் ஒருவர் உச்சியிலிருந்து அடிவாரம்வரை உருண்டு வந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பழனி ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் மலையிலிருந்து உருண்டு வந்தவர்கள்தான், நானே சாட்சி" என்றால் என்ன சொல்வோம்? முதலுதவி செய்வோம். ஹெயர்டாலின் பயணத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதாவது, அதைப் பற்றிய ஆவணப் படத்துக்கு. புத்தகம் உலக மொழிகளிலெல்லாம் விற்றது. புறப்பட்ட அன்று ஒரு கடற்படை இழுவைக் கப்பல் அந்த மிதவையை ஆழ்கடல்வரை கட்டி இழுத்துக் கொண்டுபோய் விட்டது என்பதையும், மிதவையில் வானொலியும் அமெரிக்க ராணுவச் சாப்பாடும் இருந்தன என்பதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கற்கால மனிதனுக்கும் ஏதாவது ஒரு கற்காலக் கடற்படை இருந்திருக்கும்.

இதில் நமக்கு ஒரு சொந்தப் பிரச்சினை உண்டு. ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய அந்தக் கோன்-டிக்கி மிதவையை நம் கடற்கரையில் யாரிடம் காட்டினாலும் 'கட்டுமரம்' என்பார்கள். ஆனால் ஆங்கிலேயன் நம் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பாலினேசியரின் இரட்டைப் படகுக்கு 'கேட்டமரான்' என்று பேர் வைத்துவிட்டான். அது கட்டிய மரமே அல்ல. இரண்டு நீளப் படகுகள், நடுவே தளம், மேலே பாய். கட்டுமரம் காற்றோடு போகும். இந்த இரட்டைப் படகு காற்றைச் சாய்வாக வாங்கி எதிர்த்தும் ஏறும். பேரை மாற்றி ஒட்டியதும்தான் குழப்பம் ஆரம்பித்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கோன்-டிக்கிக்குப் பிறகு மிதவை ஒரு தொற்றுநோய் ஆயிற்று. 1954-இல் வில்லியம் வில்லிஸ் என்பவர் பெருவிலிருந்து தனியாளாக சமோவாவுக்கு மிதந்தார். துணைக்கு ஒரு பூனை, ஒரு கிளி. பூனை கரை சேர்ந்தது. கிளி சேரவில்லை. இந்த முறை அலைமேல் பழி போட முடியாது. எரிக் டி பிஸ்ஷோப் என்ற பிரெஞ்சுக்காரருக்கு ஹெயர்டாலைக் கண்டாலே ஆகாது. பாலினேசியர்தான் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்று காட்ட 1956-இல் டஹிட்டியிலிருந்து மூங்கில் மிதவையில் எதிர்த்திசையில் கிளம்பினார். சிலியை நெருங்கும் நேரத்தில் மிதவை சிதைந்தது, காப்பாற்றினார்கள். திரும்பி வர இன்னொரு மிதவை கட்டினார். அதுவும் நைந்துபோய் 1958-இல் ரகஹாங்கா தீவின் திட்டில் மோதியது. அவர் அங்கேயே இறந்தார். ஒரு கொள்கைக்காக உயிரைக் கொடுத்தார் என்று மரியாதையாகச் சொல்லலாம்.

கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சமாகியிருக்கும். கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. 1769-இல் கேப்டன் குக் டஹிட்டியிலிருந்து கிளம்பியபோது துபையா என்ற பூசாரியும் கப்பலில் ஏறிக்கொண்டார். ரையாட்டியா தீவுக்காரர், கடலோடி. எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் அடங்கிய ஒரு வரைபடம் அவர் சொல்லித்தான் உருவானது. அதில் பலவற்றுக்கு அவர் நேரில் போனதில்லை. பரம்பரைப் பாடமாகக் கேட்டது. கப்பல் எத்தனை திரும்பு திரும்பினாலும் டஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாராம். நியூசிலாந்தில் இறங்கியதும் மாவோரிகளிடம் தன் பாஷையிலேயே பேசினார், அவர்களுக்கும் புரிந்தது. நம்மூரில் நாகர்கோவில்காரர் தூத்துக்குடிக்குப் போய்ப் பேசுகிற மாதிரி, நடுவில் 4,000 கிலோமீட்டர் தண்ணீர் அவ்வளவுதான். மறு ஆண்டு பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நோயில் இறந்துபோனார். படத்தை வெள்ளைக்காரர்கள் வடக்கு மேலே, தெற்கு கீழே என்று பிடித்துப் பார்த்துவிட்டு, தீவுகள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று மடித்து வைத்துவிட்டார்கள். அவர் வடக்கை மேலே வைத்து யோசித்தவர்தானா என்று கேட்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆளைக் கேட்காதவர்களுக்கு ஒரே வழி, கடலையே இல்லை என்று சொல்லிவிடுவது. முன்னொரு காலத்தில் அங்கே பெரிய கண்டம் இருந்தது, மூழ்கிவிட்டது, மலை உச்சிகள்தான் தீவுகள், உச்சியில் நின்றவர்கள்தான் பாலினேசியர். படகே வேண்டாம், தொல்லை விட்டது. 1926-இல் ஜேம்ஸ் சர்ச்வார்ட் அந்தக் கண்டத்துக்கு 'மூ' என்று பேர் வைத்து ஒரு புத்தகமே போட்டார். தகவல் எங்கே கிடைத்ததாம்? இந்தியாவில் ஒரு கோயில் பூசாரி ரகசியப் பலகைகளைப் படித்துக் காட்டினாராம். அந்தப் பலகைகளை வேறு யாரும் கண்ணால் கண்டதில்லை. இதைப் படித்துச் சிரிக்கிற தமிழ் வாசகர் கொஞ்சம் அடக்கியே சிரிக்க வேண்டும். 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்கின் பங்காளி மடகாஸ்கரிலும் அதன் உறவு இந்தியாவிலும் எப்படி என்று புரியாமல் 'லெமூரியா' என்ற பாலம் போட்டார். குரங்குக்குப் போட்ட அந்தப் பாலத்தில் நம் ஆட்கள் முச்சங்கத்தையும் நடத்தி முடித்துவிட்டார்கள். நிலத்தட்டுகள் நகருகின்றன என்று தெரிந்ததும் ஸ்கிளேட்டரின் பாலம் தேவையற்றதாகிவிட்டது. அந்தத் தகவல் மட்டும் நம் மேடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எனக்குப் பிடித்த கோட்பாடு பசுமாடு. எட்வர்ட் ட்ரெகியர் நியூசிலாந்தில் நில அளவை வேலை பார்த்தவர். 1885-இல் 'ஆரிய மாவோரி' என்று ஒரு நூல் எழுதினார். மாவோரிகள் இந்தியாவிலிருந்து கிளம்பிய ஆரியர்களாம். ஆதாரம், அவர்கள் பேச்சில் ஒளிந்திருக்கும் பசு. கா, கௌ என்று எது ஒலித்தாலும் அதற்குள்ளிருந்து ஒரு சமஸ்கிருதப் பசு எட்டிப் பார்த்தது அவருக்கு. மாவோரிகள் பசுவைப் பார்த்ததில்லையே என்று கேட்டால், அதுதான் விசேஷம்: மாட்டை மறந்துவிட்டார்கள், சொல்லை மறக்கவில்லை. நியூசிலாந்து மண்ணில் மாடுகள் இறங்கியதே 1814-இல், சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியாரின் கப்பலிலிருந்து. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்போமே, இங்கே மொட்டைத் தலையும் இல்லை, முழங்காலும் இல்லை, முடிச்சு மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டே அட்கின்சன் என்பவர் அதே முறையைப் பின்பற்றி, மாவோரி ஆரியனும்தான் யூதனும்தான் என்று ஒரு நக்கல் கட்டுரை எழுதினார். ட்ரெகியர் அசரவில்லை. மாடுபிடி வீரர்.

அவரும் பெர்சி ஸ்மித்தும் சேர்ந்து 1892-இல் பாலினேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஸ்மித்தும் நில அளவைக்காரர்தான், அந்தத் துறைக்கே தலைவர். கடல் நில அளவைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும்? பட்டா போட்டுவிடுவார்கள். ஸ்மித் மாவோரி வம்சாவளிகளை எடுத்து, தலைமுறைக்கு இத்தனை வருஷம் என்று பெருக்கி, கி.பி. 925-இல் கூப்பே வந்தார், 1350-இல் ஏழு படகுகள் ஒரே படையாக வந்தன என்று சுத்தமாக நாள் குறித்துக் கொடுத்தார். மூலத் தாயகம்? இந்தியாதான், வேறென்ன. நியூசிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறை அந்த ஏழு படகின் பேரையும் மனப்பாடம் செய்தார்கள். 1976-இல் டேவிட் சிம்மன்ஸ் உட்கார்ந்து மூலங்களைப் புரட்டியபோது, ஒவ்வொரு குடியும் தன் படகைப் பற்றிச் சொன்ன கதை உண்மையான மரபு, அவற்றை ஒரே கடற்படையாக அணிவகுக்க வைத்தது ஸ்மித்தின் கைவேலை என்று தெரிந்தது.

இந்த ஆரிய மரியாதையெல்லாம் ஒரு கட்டத்தில் அலுத்துப்போயிற்று. 1956-இல் ஆண்ட்ரூ ஷார்ப் வந்தார். அவர் கட்சி நேர் எதிர்: கருவி இல்லாமல் முந்நூறு மைலுக்கு மேல் போய்த் திரும்புவது ஆகாத காரியம், அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கு வந்தவர்கள் வழி தவறி வந்தவர்கள்தான். மீன் பிடிக்கப் போனான், காற்று அடித்தது, ஹவாய் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் இந்தக் காக்கை ஒவ்வொரு பனையிலும் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக விழுத்தியிருக்க வேண்டும். தவிர, மீன் பிடிக்கப் போகிறவன் பெண்டாட்டியையும், பன்றிக் குட்டியையும், கோழியையும், நட்டுவைக்க வாழைக் கன்றையும் ஏற்றிக்கொண்டா போவான்?

1973-இல் லெவிசன், வார்ட், வெப் மூவரும் கணினியிடம் கேட்டார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் ஊட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகளைக் கணக்கில் மிதக்க விட்டார்கள். வெறுமனே மிதந்து ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றையும் எட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று முடிவு வந்தது. சுக்கானைப் பிடித்து ஒரு திசை வைத்து ஓட்டினால் எட்டலாம். அதாவது, ஓட்டினார்கள். இதைச் சொல்ல ஒரு கணினி வேண்டியிருந்தது.

நான் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனவன். கரையிலிருந்து கல்லெறி தூரம். அதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே இந்த விஷயத்தில் ஷார்ப்பின் சந்தேகம் எனக்குப் புரிகிறது. கடலைச் சுவராகப் பார்க்கிறவனுக்கு அதைத் தாண்டி வந்தவன் ஒன்று தூக்கி எறியப்பட்டவனாக இருக்க வேண்டும், அல்லது பறந்து வந்தவனாக. வாசலாகப் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

அப்படிப் பார்த்தவர் ஒருவர் அப்போதும் உயிரோடு இருந்தார். மைக்ரோனேசியாவில் சதவால் என்ற தீவு, ஒரு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அங்கே மௌ பியாலுக். கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைக் கரையோரக் குட்டைகளில் விட்டு, கடல் இழுக்கும் விதத்தை உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தாராம். எந்த நட்சத்திரம் எந்த இடத்தில் எழும், எங்கே விழும் என்பது வட்டமாக வைத்த கூழாங்கற்களில் பாடம். மேகமூட்டமான இரவில் அலைதான் திசைகாட்டி. ஒரே நேரத்தில் பல திசைகளிலிருந்து வரும் பேரலைகளில் எது எந்தப் பக்கத்தது என்று படகில் கிடந்தபடி உடம்பால் பிரித்தறிய வேண்டும். இந்தக் கலையைத் தீவுக் கடலோடிகளோடு போய்க் கற்ற டேவிட் லூயிஸ் 1972-இல் எழுதிய நூலில், உடம்பில் இதற்கு ஆகச் சிறந்த கருவி எது என்று அவர்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். அது ஆண்களிடம் மட்டும் உண்டு, மிகவும் மென்மையான இடத்தில் தொங்கும். ஷார்ப் சொன்னது பொய். கருவி இருந்தது.

படகு ஓடுவதாக இவர்கள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது இன்னும் அழகு. படகு நின்ற இடத்தில் நிற்கிறது. கடலும் தீவுகளும் அதைக் கடந்து பின்னோக்கிப் போகின்றன. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை பனைமரம் ஓடுகிறது என்று சொல்லுமே, அந்தக் குழந்தையின் கணக்கை வைத்து ஆயிரம் மைல் போனார்கள்.

ஹவாயில் இந்த வித்தை அற்றுப்போயிருந்தது. ஆகவே 1973-இல் தொடங்கிய பாலினேசியக் கடற்பயணச் சங்கம், ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகைக் கட்டிவிட்டு, மௌவைக் கூப்பிட்டது. ஹோக்குலேயா என்பது ஒரு நட்சத்திரத்தின் பேர். ஹவாய்க்கு நேர் உச்சியில் போகும். அது தலைக்கு மேல் வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் பஞ்சாங்கத்தில் அதற்குச் சுவாதி என்று பேர். நாம் அதைப் பெண் பார்க்கப் பயன்படுத்தினோம், அவர்கள் ஊர் பார்க்க.

1976 மே 1-ஆம் தேதி ஹவாயின் மாவி தீவிலிருந்து கிளம்பியது. திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. கிளி இல்லை, அனுபவம் பேசுகிறது. ஒரு நாய், ஒரு பன்றி, கோழி இருந்தன. ஆதி காலக் குடியேற்றத்தில் இருந்த மற்ற எல்லாமும் இருந்தது: குடும்பச் சண்டை உட்பட. ஆட்களுக்குள் முறைப்பு முற்றிக் கைகலப்புவரை போனது. மௌவுக்கு அந்தத் தெற்குக் கடலும் அங்கே தெரியும் வானமும் புதுசு. ஆனாலும் ஜூன் 4-ஆம் தேதி டஹிட்டித் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தார். சுமார் 17,000 பேர் கூடியிருந்தார்கள். படகில் ஏறிய கூட்டத்தின் பாரத்தில் அதன் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்ததாம். மௌ அதற்குப் பிறகு ஒரு ஒலிநாடாவில் தன் பேச்சைப் பதிவு செய்து வைத்துவிட்டு, திரும்பும் பயணத்துக்கு வராமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். என்னைத் தேடி வராதீர்கள் என்பது அதன் சாரம். பிறகு மனம் இரங்கி வந்து ஹவாய்ப் பையன்களுக்கு வித்தையைச் சொல்லிக்கொடுத்தது வேறு கதை. 2010-இல் காலமானார்.

கிழக்கே போகத் தடையாக ஹெயர்டாலுக்குத் தெரிந்த கொண்டலை ஜெஃப்ரி அர்வின் என்ற ஆய்வாளர் 1992-இல் திருப்பிப் போட்டார். வழக்கமான காற்றுக்கு எதிராகப் போவதுதான் புத்திசாலித்தனம். வருஷத்தில் சில நாள் கொண்டல் ஓய்ந்து கச்சான் அடிக்கும். அதில் ஏறிக் கிழக்கே போ. தீவு கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளில் கொண்டல் திரும்பும், அது உன்னை வீட்டில் கொண்டுவந்து விடும். காற்றோடு போகிறவனுக்குத்தான் திரும்பி வர வழியில்லை. கடன் வாங்கிக் கடை வைக்கிறவனுக்கும் இந்த யோசனை உதவும்.

சரி, எங்கிருந்துதான் வந்தார்கள்? மேற்கேயிருந்து. ஆதி வேர் தைவான். மலேசியாவில் சொந்தக்காரர் இருந்தால் ஐந்துக்கு என்ன என்று கேளுங்கள், மலாயில் 'லிமா' என்பார். ஹவாயிலும் லிமா. மாவோரியில் 'ரிமா'. மடகாஸ்கரில் 'டிமி'. இந்தப் பெருங்குடும்பத்தின் மிகப் பழைய கிளைகளில் பெரும்பாலானவை தைவானில்தான் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் நியூ கினிக்குக் கிழக்கே பிஸ்மார்க் தீவுகளில் ஒரு கூட்டம் பல்முள் குத்திய மாதிரி அலங்காரம் செய்த மண்பானைகளோடு தலை காட்டுகிறது. ஐந்நூறு வருஷத்துக்குள் டோங்கா, சமோவா. அந்தப் பண்பாட்டுக்கு 'லாப்பிட்டா' என்று பேர். 1952-இல் நியூ கலிடோனியாவில் தோண்டியவர்கள் உள்ளூர்ச் சொல் ஒன்றைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு வைத்த பேர். உள்ளூர்ப் பாஷையில் அதற்குக் குழி தோண்டுவது என்று அர்த்தம். ஒரு மகத்தான நாகரிகம் 'குழிதோண்டி நாகரிகம்' என்று உலகம் முழுக்கப் பாடமாக நடக்கிறது.

வனுவாட்டுவில் தெவ்மா என்ற இடத்தில் அவர்களுடைய 3,000 வருஷத்து இடுகாடு கிடைத்தது. எலும்புக்கூடுகளுக்குத் தலை இல்லை. புதைத்த பிறகு எடுத்துத் தனியாக வைத்திருந்தார்கள். 2016-இல் அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணுவைப் பார்த்தார்கள். தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சொந்தம். தலை உள்ளவர்கள் நூற்றைம்பது வருஷம் அடித்துக்கொண்ட வழக்கில் தலை இல்லாதவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள்.

சமோவாவில் வந்து அந்தக் கூட்டம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலாகக் குந்தியிருந்தது. ஏன் என்பதற்கு இன்னும் அடிதடி நடக்கிறது. பிறகு கி.பி. 1000-ஐ ஒட்டி என்ன நினைத்தார்களோ, எழுந்து முந்நூறு வருஷத்துக்குள் மிச்சமிருந்த பசிபிக்கைச் சுருட்டிவிட்டார்கள். நாள் குறிப்பதில் பெர்சி ஸ்மித்தை வென்றது ஓர் எலி. பசிபிக் எலி நீந்தி ஊர் போகாது, படகில் மனிதனோடுதான் போகும். நியூசிலாந்தில் எலிப்பல் பதிந்த பழைய விதைகளைப் பொறுக்கி, வயதைக் கணக்கிட்டு, ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் குழு 2008-இல் சொன்னது: மிகப் பழைய கடி கி.பி. 1280 வாக்கில். எலிக்குக் குலப்பெருமை கிடையாது, ஆரிய திராவிடப் பேதம் கிடையாது. கொறித்தது, போய்விட்டது.

ஹெயர்டாலுக்கு ஒரு ஆறுதல் மார்க் கொடுக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்கப் பயிர். ஐரோப்பியர் வரும் முன்பே அது பாலினேசியாவில் இருந்தது, பேரும் 'கூமரா', ஆண்டிஸ் பக்கத்துப் பேரை ஒட்டியே. 2020-இல் வந்த மரபணு ஆய்வு, 1200-ஐ ஒட்டிப் பாலினேசியரும் இன்றைய கொலம்பியா பக்கத்து மக்களும் கலந்ததைக் காட்டியது. ஆக அமெரிக்கத் தொடர்பு உண்டு. யார் யார் வீட்டுக்குப் போனார் என்பதுதான் மிச்சம். அத்தனை கடலையும் தாண்டி வந்தவர்கள் கடைசித் துண்டையும் தாண்டிப் போய்க் கிழங்கு வாங்கி வந்தார்கள் என்பது என் கட்சி.

நம் பங்குக்கும் ஒரு பொருள் உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வடக்கே வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். சட்டி அல்ல, கவிழ்த்துப் போட்ட கப்பல் மணியின் மேல்பகுதி. சுற்றிலும் தமிழெழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று வாசித்தார்கள். கொலென்சோ ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து, நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தவன் தமிழன் என்று கிளம்பியவர்களுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் ஜப்பான் குக்கர் ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரர் எவரும் எங்கள் தெருவில் குடியேறியதில்லை. முகைதீன் பக்சு கப்பலிலிருந்து இறங்கிய நம்மூர் எலி ஒன்று 1280-க்கு முன்னால் அங்கே ஒரு விதையைக் கடித்து வைத்திருந்தால் உட்கார்ந்து பேசலாம். அதுவரை அது ஒரு மணி.

வெலிங்டன் பக்கம் போனால் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் கேளுங்கள், அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையை விரித்த அகலம், விளிம்பு உடைந்திருக்கும்.